ஏற்றத்தில் கொதிக்கும் பழைய பிக்கப்: ஹெட்டில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் பிக்கப் கொதிக்கிறது என்றால், அது எப்போது கொதிக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். பாதிக் கண்டுபிடிப்பு அதிலேயே முடிந்துவிடும். "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லிப் பட்டறையில் விட்டால் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றி எறிவார்கள், அடுத்த வாரம் வாட்டர் பம்ப், அதற்கடுத்து ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி). மூன்றுக்கும் பணம் கொடுத்த பிறகும் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைச்சாலையில் ஏறும்போது சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொடும். கோளாறு ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் அப்பியிருந்த வைக்கோல் தூசியாகக்கூட இருந்திருக்கலாம்.

இங்கே சொல்வது பொலிரோ பிக்கப், டாடா 207 போன்ற பத்துப் பதினைந்து வருடம் ஓடிய நான்கு சிலிண்டர் டீசல் வண்டிகளை மனதில் வைத்து. மற்ற வண்டிகளுக்கும் முறை இதுதான். கொள்ளளவு, தெர்மோஸ்டாட் டிகிரி, மூடியின் அழுத்தம் ஆகியவற்றை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கொதிக்கிறது?

சுமையோடு ஏற்றத்தில் மட்டும் சூடேறி, சமவெளிக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது என்றால் வெப்பத்தை வெளியேற்றும் திறன் குறைந்திருக்கிறது. ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிவு, வெளியே தூசி, சரியாகப் பிடிக்காத விஸ்கஸ் ஃபேன் (சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெயால் இறுகிப் பிடிக்கும் ஃபேன்), நழுவும் பெல்ட் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

ஊருக்குள் ஊர்ந்து போகும்போது ஏறுகிறது, புறவழிச்சாலையில் வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால் காற்றுதான் குறை. ஃபேன், ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய கூடு, கண்டென்சர் ஆகியவற்றைப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, மெதுவாகப் போனால் சரியாக இருந்து 70, 80 வேகத்தில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் தடை. கீழ் ஹோஸ் உள்ளிழுத்துச் சப்பிப்போவது, ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டிருப்பது, பம்ப்பின் இறக்கைகள் அரித்துப்போயிருப்பது ஆகியவை இதில் வரும்.

சுமையில்லாமல், ஏசி இல்லாமல், நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் விட்டிருக்கும்போதே கொதித்தால் விஷயம் பெரிது. டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் மிகக் குறைந்த சூட்டைத்தான் உண்டாக்கும்; நல்ல வண்டியாக இருந்தால் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். அப்படியிருந்தும் கொதிக்கிறது என்றால் தண்ணீர் சுற்றவே இல்லை, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது.

காலையில் எடுத்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முள் மேலே பாய்ந்தால் அதை நம்புவதற்கு முன் மீட்டரைச் சோதியுங்கள். பத்து லிட்டருக்கு அருகில் தண்ணீர் இருக்கும் ஓர் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது.

வழியில் கொதித்து நின்றால்

முள் சிவப்பை நெருங்கும்போதே ஏசியை அணைத்து, சுமையைக் குறைத்து, கீழ் கியருக்கு வந்து, ஓரம் கட்டுங்கள். ஆவி பீறிடவில்லை, பெல்ட் அறுபடவில்லை என்றால் உடனே எஞ்சினை அணைக்காமல் ஐடிலிங்குக்குச் சற்று மேலே ஓரிரு நிமிடம் ஓடவிடுவது நல்லது. தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால்தான் ஹெட்டில் தேங்கிய சூடு வெளியேறும். டர்போவுக்கும் அதுவே நல்லது. ஓடவிட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிடுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போயிருந்தாலோ ஒரு நொடிகூட ஓட்டக்கூடாது.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஈரச் சாக்கைப் போட்டுத் திறப்பதும் கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடாகி, அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர். மூடி தளர்ந்த நொடியில் அது ஆவியோடு பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம், மேல் ஹோஸைக் கையால் தயக்கமில்லாமல் அழுத்தும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். பிறகும் தண்ணீரைச் சிறிது சிறிதாக, எஞ்சினை ஓடவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். எஞ்சின் மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொன்றை ஓட்டுநர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஆவியில் நிற்கும். சரியான சூட்டைக் காட்டாது. முள் நடுவில் இருக்க, ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

மீட்டர் சொல்வது உண்மையா?

தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராக அடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதில் அடியுங்கள், அல்லது அதை ஒட்டிய ரப்பர் ஹோஸில் அடியுங்கள். நன்றாக ஓடி வந்த வண்டியில் மேல் ஹோஸ் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்து, முள் மட்டும் சிவப்பில் இருந்தால் கோளாறு சென்சாரிலோ வயரிலோ எர்த்திலோ இருக்கிறது.

பழைய ஒற்றை வயர் சென்சார் என்றால் சோதனை எளிது. சாவியை ஆன் செய்து, சென்சார் வயரைக் கழற்றினால் முள் முழுக்கக் கீழே போக வேண்டும்; வயரை எஞ்சின் உடம்பில் தொட்டால் முழுக்க மேலே போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் சரி, சென்சாரை மாற்றுங்கள். ஹெட்லைட் போட்டால் முள் கொஞ்சம் ஏறுகிறது என்றால் எர்த் வயர்தான். கம்ப்யூட்டர் உள்ள காமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் முறை) வண்டிகளில் வயரை இப்படித் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஸ்கேனரை மாட்டி எண்ணைப் படியுங்கள்.

ரேடியேட்டர் மூடி

விலை மலிவு என்பதாலேயே பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அது பார் அளவிலான அழுத்தம். 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேலே ஏற ஏற, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. 1850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். 2240 மீட்டரில் உள்ள உதகையில் 92, 93 டிகிரியில். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதே 95 டிகிரி வாக்கில்தான். ஆகவே அழுத்தம் பிடிக்காத மூடியோடு மேட்டுப்பாளையம் வரை ஒழுங்காக வந்த வண்டி, எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலே குன்னூருக்கு முன்னால் பொங்கும். கூலண்ட் கலந்திருந்தால் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். வெறும் தண்ணீர் தாங்காது.

மூடியின் அடியில் இரண்டு வால்வுகள் இருக்கும். பெரியது அழுத்தத்துக்கு. நடுவிலுள்ள சிறியது, எஞ்சின் ஆறும்போது பக்கத்து பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க. காலையில் வந்து பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பி ஒட்டியிருந்தால், பாட்டில் நிரம்பி ரேடியேட்டரில் மட்டம் குறைந்திருந்தால், சிறிய வால்வோ பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயோ அடைத்திருக்கிறது. ரப்பரில் வெடிப்போ படிவோ தெரிந்தால் மூடியை மாற்றுங்கள். அளவு அதே எண்ணாக இருக்கட்டும், 0.9 போட வேண்டிய இடத்தில் 1.1 போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும்.

காற்று

பிக்கப்பின் முன்பக்கத்தில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும்: ஏசி இருந்தால் கண்டென்சர், டர்போ வண்டியாக இருந்தால் இன்டர்கூலர், அதற்குப் பின் ரேடியேட்டர். வெளியிலிருந்து பார்த்தால் முதல் அடுக்கு சுத்தமாகத் தெரியும். அடைப்பு அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும். நெல், வைக்கோல், பருத்தி, தேங்காய் நார் ஏற்றும் வண்டிகளில் அந்த இடைவெளி மெத்தை போல் அடைந்திருப்பது சாதாரணம். கண்டென்சரின் போல்ட்டைத் தளர்த்திச் சற்று முன்னால் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் போக வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே திணியும். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, அடைப்பைவிட மோசமாகிவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

அடுத்து ஃபேனைச் சுற்றிய கூடு. பழைய வண்டிகளில் ஏதோ ஒரு வேலைக்காகக் கழற்றித் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் வீண். மேலும், எஞ்சினைத் தாண்டிய சூடான காற்றையே சுற்றி இழுத்துக்கொள்ளும். ஊர்ந்து போகும்போது சூடேறும் வண்டியில் இது ஒன்றே காரணமாக இருப்பதுண்டு. காயலான் கடையில் தேடியாவது சரியான கூட்டை வாங்கி மாட்டுங்கள்.

விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியில், எஞ்சின் குளிர்ந்து அணைந்திருக்கும்போது கையால் சுற்றினால் லேசான தடையோடு சுற்ற வேண்டும். நன்றாகச் சூடேற்றி அணைத்ததும் (சாவி கையில் இருக்கட்டும், எலக்ட்ரிக் ஃபேன் கூடவே இருந்தால் அது தானாக ஓடத் தொடங்கும்) மறுபடி சுற்றுங்கள். இப்போது தடை தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். சூட்டிலும் பல சுற்றுகள் வழுக்கிக்கொண்டு ஓடினால் உள்ளிருக்கும் சிலிகோன் எண்ணெய் போய்விட்டது. முன்பக்கச் சுருளைச் சுற்றி ஈரத்தில் தூசி ஒட்டிய கோடுகள் தெரிந்தால் அதுவே சான்று. நல்ல விஸ்கஸ் ஃபேன் ஏற்றத்தில் பிடிக்கும்போது இரைச்சல் காதில் விழும். அந்த இரைச்சலே வருவதில்லை என்று ஓட்டுநர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் வி-பெல்ட் என்றால் 10 முதல் 12 மி.மீ. இறங்கலாம். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் மின்னினால், இறுக்கினாலும் வழுக்கும். மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பற்றி

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்பது பட்டறைகளில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. தவறான நம்பிக்கை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை உண்டு. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். அதே அசைவில், அடியிலுள்ள தட்டால் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே பம்ப்புக்குத் திரும்பும். சமவெளியில் முள் தாழ்ந்தே இருப்பதால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். சுமையோடு கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏற்றினால் முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கும். மீதி நாட்களில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

பழுதா என்று பார்க்க அடுப்பு போதும். தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 82 என்றிருப்பது வழக்கம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். பொறித்த டிகிரிக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் சுமார் 8 மி.மீ. அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். திறந்தும் பாதியோடு நின்றால் அதுதான் ஏற்றத்தில் கொதிக்கும் வண்டி. மாட்டும்போது சுருள் எஞ்சின் பக்கம். தட்டிலுள்ள சிறு ஊசித்துளை மேல்பக்கம்; காற்று வெளியேறுவது அந்தத் துளை வழியாகத்தான்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ்

கன் கையில் இருந்தால் வண்டியை ஏற்றத்தில் ஓட்டி வந்து, சூடான நிலையில் ஓடவிட்டபடி இரண்டு ஹோஸையும் அளவெடுங்கள். ஃபேனிலிருந்து கையையும் துணியையும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் 100 டிகிரியைத் தாண்டியும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் 50, 60 டிகிரியில் கிடந்தால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை; ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் 100ஐ ஒட்டி இருந்தால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, ரேடியேட்டர்தான் சூட்டைக் கழற்றவில்லை. காற்றுப் பக்கத்துக்குத் திரும்பப் போங்கள். நல்ல வண்டியில் சுமையில் இரண்டுக்கும் 5 முதல் 10 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும்.

கீழ் ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம். அதற்குள் ஒரு சுருள் கம்பி வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. துருப்பிடித்துக் கரைந்துவிட்டால், எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தும்போது ஹோஸ் நடுவில் சப்பிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். வேகத்தில் மட்டும் சூடேறும் வண்டிக்கு இதை மறக்காமல் பாருங்கள்.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஈரமோ, கூலண்ட் காய்ந்த பச்சை, வெள்ளைக் கறையோ இருந்தால் உள் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது கொடுமை; தண்ணீர் பேரிங்குக்குள் போய், பம்ப் பிடித்து, ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். பெல்ட்டைக் கழற்றி ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கசிவும் ஆட்டமும் இல்லாத பம்ப்பிலும் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம், அல்லது இறக்கை தண்டில் வழுக்கலாம். மற்ற எல்லாம் சரியென்று தெரிந்த பின் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரின் உள்ளே: போர் தண்ணீர் செய்யும் வேலை

தமிழ்நாட்டுப் பிக்கப்புகளில் சூடேற்றத்துக்கு அடிப்படைக் காரணம் எது என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், ரேடியேட்டரில் ஊற்றப்படும் போர் தண்ணீரைத்தான் சொல்வோம். கொங்குப் பகுதியாகட்டும், ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கமாகட்டும், வீட்டில் குக்கரின் அடியிலும் வாட்டர் ஹீட்டரின் கம்பியிலும் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. கசிவு இருக்கும் வண்டியில் தினமும் ஒரு லிட்டர் ஊற்றினால், தினமும் ஒரு லிட்டர் தண்ணீரின் உப்பு உள்ளே சேர்கிறது. ஆவி போய்விடும், உப்பு போகாது. குழாயின் வழி குறுகுவது ஒரு தீமை. இன்னொன்று, அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே படிந்தால், முள் சரியாகக் காட்டும்போதே அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி விரிசல் விடும்.

கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கமும் இங்கே உண்டு. நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது வீடு வந்து சேர உதவும் என்பது உண்மை. ஆனால் கசியும் துளையை அடைக்கும் அதே பொருள் கசியாத குழாய்களிலும் தங்கும். போட்டிருந்தால் வந்ததும் முழுக்கக் கழுவி எடுங்கள். கடையில் விற்கும் கசிவடைப்பு மருந்துகளுக்கும் இதே நியாயம்தான்.

அடைப்பைக் கண்டுபிடிக்க: நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் கன்னால் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று பத்திருபது இடங்களில் அளவெடுங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. இன்னொரு கணக்கும் உதவும். தண்ணீரை முழுக்க வடித்து, சுத்தமான நீரை அளந்து ஊற்றுங்கள். காற்று நீக்கிய பிறகும், கையேட்டில் சொன்ன கொள்ளளவைவிட மிகக் குறைவாகவே பிடித்தால், பிளாக்கில் பழைய தண்ணீர் தங்கியிருக்கிறது அல்லது சேறும் படிவும் இடத்தைப் பிடித்திருக்கின்றன.

பித்தளை, செம்பு ரேடியேட்டராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு எடுத்துத் திரும்பப் பற்றவைப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் ரேடியேட்டர் புதிது போல ஆகிவிடும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் கம்பி விட முடியாது. லேசான படிவுக்கு ஃபிளஷ் மருந்து, அதிகமென்றால் கோர் (குழாய்களும் தகடுகளும் கொண்ட நடுப்பகுதி) மாற்றுவது. ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவரிடம் அலுமினிய ரேடியேட்டரையோ எஞ்சினையோ கொடுக்காதீர்கள். ரேடியேட்டரைத் தனியே கழற்றிச் சுத்தம் செய்யும்போது பிளாக்கையும் வடிப்புத் திருகைத் திறந்து கழுவுங்கள். இல்லையென்றால் பிளாக்கில் கிடக்கும் துரு அடுத்த மாதமே புதுக் கோரில் வந்து உட்காரும்.

ஹெட் கேஸ்கெட்டா?

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தால் இப்போது ஹெட்டைச் சந்தேகிக்கலாம். ஆனாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் சான்று வேண்டும்.

இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். தொடக்கத்தில் ஓரிரு குமிழி வந்து நின்றால் கவலையில்லை. ஆக்சிலரேட்டரைக் கொடுக்கக் கொடுக்கக் குமிழிகள் சங்கிலியாக வந்தால், அது எரியறையிலிருந்து வரும் வாயு. இந்த நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். பெல்ட்டைக் கழற்ற விருப்பமில்லை என்றால், மூடியைப் போட்டு, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே ஹோஸ் கல்லாக இறுகினால் முடிவு அதுவே. நீல நிறத் திரவம் வைத்து வாயுவைச் சோதிக்கும் கருவியும் கிடைக்கிறது. எரிந்த வாயு இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும்.

எந்த சிலிண்டர் என்று தெரிய, பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது குமிழி குறைகிறதோ அந்த சிலிண்டர். காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் 1000 பாருக்கு மேல் அழுத்தம் போகும்; பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது கையையே இழக்கச் செய்யும் காயம்.

எஞ்சின் ஆயில் மோர் போல வெளுத்திருப்பதும், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதும் கேஸ்கெட்டைக் காட்டலாம். ஆயில் கூலர் கிழிந்தாலும் இதே அறிகுறிதான். வெள்ளைப் புகையோடு கூலண்ட் குறைந்து, ரேடியேட்டரில் குமிழியும் இல்லை, வெளியே கசிவும் இல்லை என்றால் இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது) உள்ள வண்டிகளில் அதை முதலில் கழற்றிச் சோதியுங்கள். அதன் உள்குழாய் விரிசல் விட்டு, கூலண்ட் எரியறைக்குப் போய் ஆவியாகும். இது தெரியாமல் நல்ல ஹெட்டைப் பிரித்த பட்டறைகள் பல.

பிரித்தாகிவிட்டது என்றால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் நீளத்திலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதி; உங்கள் எஞ்சினின் எண் கையேட்டில் இருக்கும். லேத்தில் ஃபேஸிங் (ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது) கொடுக்கும் முன் அழுத்தச் சோதனை செய்து விரிசல் இல்லையென்று உறுதிப்படுத்துங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கூலி தண்டம். பல டீசல் எஞ்சின்களில் கேஸ்கெட் இரண்டு மூன்று தடிமன்களில் வரும். ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளையின் எண்ணிக்கை தடிமனைச் சொல்லும். பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜில் அளந்து அதற்கேற்ற தடிமனை வாங்க வேண்டும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையளவில் இறுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

குளிரூட்டலுக்கு வெளியே

எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் சூடேறினால், எஞ்சின் தேவைக்கு மேல் உழைக்கிறதா என்று பாருங்கள். சிறிது தூரம் ஓட்டி வந்து நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்மிலோ டிஸ்க்கிலோ கன்னை அடியுங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. கிளட்ச் நழுவல், அடைத்த ஏர் ஃபில்டர், பம்ப் டைமிங் விலகல், கறும்புகை வருமளவு டீசல் கூட்டி வைத்திருப்பது ஆகியவையும் சூட்டைக் கூட்டும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எடைக்கு மேல் பாதிச் சுமை கூடுதலாக ஏற்றிவிட்டு ரேடியேட்டரைக் குறை சொல்ல முடியாது.

திரும்ப நிரப்புவது

வடித்த கூலண்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடுமாடும் நக்கிக் குடிக்கும். அது கொல்லும் விஷம்.

நமக்குப் பனி உறையும் பயம் இல்லை என்றாலும் கூலண்ட் வேண்டும். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. கெட்டியான கூலண்ட் வாங்கினால், டப்பாவில் சொன்ன விகிதத்தில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு, ஊற்றுவதற்கு முன்பே வாளியில் கலந்துகொள்ளுங்கள். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றலாம். மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. பழையது எந்த வகை என்று தெரியாவிட்டால் மேலே ஊற்றி நிரப்பாமல் முழுக்க மாற்றுங்கள். வகை மாறிக் கலந்தால் கூழாகத் திரண்டு குழாயை அடைப்பதுண்டு. நடுவழியில் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் கேன் தண்ணீர், அதுவும் இல்லையென்றால் கிடைத்த தண்ணீர். ஊர் வந்ததும் வடித்துவிடுங்கள்.

நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். தெர்மோஸ்டாட் மூடியிலோ ஹோஸிலோ காற்று விடும் திருகு இருந்தால் திறந்து வையுங்கள். மெல்ல ஊற்றுங்கள், குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் திருகை மூடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். ரேடியேட்டர் மூடியைப் போடாமல் ஐடிலிங்கில் விட்டு, மேல் ஹோஸ் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருங்கள்; திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அதை நிரப்பி, ஹோஸ்களை இரண்டு மூன்று முறை பிசைந்து, குமிழி நின்றதும் மூடியைப் போடுங்கள். பாட்டிலில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

முதல் ஓட்டத்தைச் சுமையில்லாமல் 10, 15 கிலோமீட்டர் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் மாட்டியிருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்புங்கள். இரண்டாவது ஓட்டம் முழுச் சுமையோடு, வண்டி வழக்கமாகக் கொதிக்கும் அதே ஏற்றத்தில். கன்னால் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் அளவுகளை ஒரு சீட்டில் தேதியோடு எழுதி வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த கோடையில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டியிருக்கும்.